இதயத் துடிப்பு பார்த்து சைக்கிள் ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஈசிஆரில் ரைடு முடித்து கோவளம் பக்கம் டீ குடிக்க நிற்போம். யாராவது ஒருவர் என் சைக்கிளில் மாட்டியிருக்கும் மீட்டரை எட்டிப் பார்த்து, "இந்த 138 என்ன நம்பர்?" என்று ஆரம்பிப்பார். அடுத்த அரை மணி நேரமும் அதே பேச்சுதான். பல வருடமாகத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை எழுதி வைத்துவிட்டால், டீயையாவது சூடாகக் குடிக்கலாமே என்றுதான் இது.

நான் பயிற்சியாளர் இல்லை, மருத்துவரும் இல்லை. 44 வயது, சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே பிரெவே எனப்படும் நெடுந்தூர ரைடுகள் ஓட்டுகிறவன். கீழே உதாரணத்துக்கு வரும் எண்கள் என் உடம்புக்கு உரியவை. யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது.

1. "ஜோன் ஜோன்னு எல்லாரும் பேசுறாங்களே, அப்படின்னா என்ன?"

மிதிக்கும்போது உடம்பு எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை, நிமிடத்துக்கு இதயம் துடிக்கும் எண்ணிக்கையை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஒரு ஜோன். ஒன்று மிக லேசு, ஐந்து உச்சம். ஏழாகப் பிரிப்பவர்களும் உண்டு, மூன்றோடு நிறுத்துபவர்களும் உண்டு. ஐந்துதான் பரவலாகப் புழங்குவதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

வேகத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். ஈசிஆரில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெற்கே போகும்போது எதிர்க்காற்று அடித்தால் 22 கிலோமீட்டர் வேகத்துக்கே நாக்குத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, பாட்டுப் பாடிக்கொண்டே 32ல் வரலாம். இதில் எது கடினமான பயிற்சி என்று வேகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. துடிப்பைப் பார்த்தால் சொல்லலாம்.

2. "அஞ்சு ஜோனும் எப்படி இருக்கும்? மீட்டர் இல்லாம கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். நான் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு. மூன்றையும் ஒரே மூச்சில் நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த மூன்றுக்கும் போக முடிந்தால் நீங்கள் ஜோன் 2ல் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் ஜோன் 3. "ஈரேழு" என்று சொல்லிவிட்டு, மூச்சு இழுத்துக்கொண்டு "பதினாலு" என்றால் ஜோன் 4. வாய்ப்பாடே மறந்துபோனால் ஜோன் 5.

ஜோன் 1 என்பது கடைக்குக் காய்கறி வாங்கப் போகிற மிதி. பயிற்சி என்றே தோன்றாது. ஜோன் 4ன் மேல் எல்லையில் நல்ல பயிற்சி உள்ளவர் ஒரு மணி நேரம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். அந்த எல்லைக்குப் பெயர் த்ரெஷோல்டு. அதைத் தாண்டினால் தசையில் உருவாகும் லாக்டேட்டை உடம்பு அதே வேகத்தில் பயன்படுத்தித் தீர்க்க முடியாமல், ரத்தத்தில் சேரத் தொடங்கும். அப்புறம் நிமிடக் கணக்குதான். கீழே பல இடங்களில் இந்தச் சொல் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. "மார்புல கட்டுற பட்டை வாங்கணுமா? கையில இருக்கிற வாட்ச் போதாதா?"

வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது. நடைக்கும் தூக்கத்துக்கும் வாட்ச் போதும். சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கும், சாலை அதிர்வு நேராகக் கைக்கு வரும், வியர்வையில் வாட்ச் வழுக்கும். அதனால் தடுமாறும், குறிப்பாகக் கொஞ்ச நேரம் பலமாக, கொஞ்ச நேரம் லேசாக என்று மாற்றி மாற்றி மிதிக்கும், துடிப்பு சட்டென்று ஏறி இறங்கும் இன்டர்வெல்களில். முழங்கைக்குக் கீழேயோ மேல்கையிலோ கட்டும் ஒளி சென்சார்கள் மணிக்கட்டைவிடப் பரவாயில்லை. கம்பியில்லாப் பட்டையைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, முதலில் பனிச்சறுக்கு வீரர்களை மனதில் வைத்து. அந்த முறையைத் துல்லியத்தில் இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை.

பட்டைக்கும் குறும்பு உண்டு. வாங்கிய புதிதில் ஒருநாள் அக்கரை சிக்னல்கூடத் தாண்டவில்லை, மீட்டரில் 212 காட்டியது. சைக்கிளை ஓரம் கட்டி, கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்: 110 சொச்சம். உள்பக்கம் இருக்கும் ரப்பர் பட்டைகளை நனைக்காமல் கட்டியிருக்கிறேன். காய்ந்த தோலில், மேலே ஜெர்சி படபடத்து உரச, அது இஷ்டத்துக்கு எண்ணுகிறது. கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனையுங்கள், ரைடு முடிந்ததும் அலசிக் காயப் போடுங்கள். இதெல்லாம் செய்தும் எண் தாறுமாறாகக் குதித்து, கூடவே படபடப்போ தலைசுற்றலோ இருந்தால் அது பட்டையின் கோளாறு இல்லை. மருத்துவரிடம் போங்கள்.

4. "220ல வயசைக் கழிச்சா அதிகபட்சத் துடிப்பு வந்துடும்னு ஜிம்ல சொன்னாங்களே?"

ஜிம்மில் மட்டுமா, பாதி ஆப்களும் அதைத்தான் செய்கின்றன. அந்தச் சூத்திரம் 1970களின் தொடக்கத்தில், அதுவரை வந்திருந்த ஆய்வுகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, தோராயமாக இழுத்த ஒரு கோட்டிலிருந்து வந்தது. 2001ல் டனாகா என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் கவனமாகக் கணக்கிட்டு, வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்கச் சொன்னார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே வரும். 60 வயதில் பழைய கணக்கு 160 என்கிறது, புதியது 166.

எந்தச் சூத்திரம் என்பது பெரிய பிரச்சினை இல்லை. இரண்டுமே கூட்டத்தின் சராசரி. மூன்றில் இரண்டு பேருக்குத்தான் உண்மையான எண் இந்தக் கோட்டுக்கு 10, 12 துடிப்பு இப்படியோ அப்படியோ விழும். மற்றவர்களுக்கு அதையும் தாண்டும். எனக்குச் சூத்திரப்படி 176. ஏலகிரி ஏற்றத்தின் கடைசி வளைவுகளில் ஒருவரைத் துரத்திக்கொண்டு போனபோது 183 பார்த்திருக்கிறேன். ஏழு துடிப்பு என்பது கிட்டத்தட்ட அரை ஜோன். தவிர, அதிகபட்சத் துடிப்பு கூடுதலாக இருந்தால் உடற்தகுதி கூடுதல் என்று அர்த்தம் இல்லை. பயிற்சியால் அது ஏறவும் ஏறாது; வயதோடு மெல்லக் குறையும், அவ்வளவுதான்.

5. "அப்போ எனக்கான நம்பரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அதிகபட்சத்தைத் தேடிப் போவதைவிட த்ரெஷோல்டைக் கண்டுபிடிப்பது நல்லது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பிரபலப்படுத்திய முறை எளிது. நன்றாக 20, 25 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு தனியாக, யார் பின்னாலும் ஒட்டாமல், 30 நிமிடம் உங்களால் ஒரே சீராகப் போக முடிந்த அளவு பலமாகப் போங்கள். பத்தாவது நிமிடத்தில் மீட்டரின் லேப் பட்டனை அழுத்துங்கள், அங்கிருந்து சராசரியைத் தனியாகக் கணக்கிடும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் த்ரெஷோல்டு துடிப்பு.

சொல்வது எளிது. முதல் முறை நான் கோவளம் தாண்டியதும் ஆரம்பித்து, உற்சாகத்தில் முதல் ஐந்து நிமிடமும் 170ல் போனேன். பதினெட்டாவது நிமிடத்தில் கால் கல்லாகிவிட்டது. மீதி நேரம் உருட்டிக்கொண்டு வந்ததில் சராசரி ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டாம் முறை நாய் குறுக்கே வந்தது. மூன்றாம் முறைதான் 164 கிடைத்தது. முதல் பத்து நிமிடம் "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் சரியாக ஆரம்பித்திருக்கிறீர்கள்.

சிக்னலும் சந்திப்பும் இல்லாத 15 கிலோமீட்டர் சாலை கிடைக்காதவர்கள், சைக்கிளை மாட்டி வீட்டிலேயே நின்ற இடத்தில் மிதிக்க வைக்கும் டிரெய்னர் கருவியில் செய்யலாம், நல்ல காற்றாடியோடு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

6. "சார், எனக்கு 56 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். இந்த டெஸ்ட் நானும் செய்யலாமா?"

மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். 40ஐத் தாண்டி இப்போதுதான் ஆரம்பிப்பவர், சர்க்கரை உள்ளவர், குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர், எல்லோருக்கும் இதேதான். ஈசிஜியும் டிரெட்மில் பரிசோதனையும் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பிரஷர் மாத்திரையில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை உண்டு. மருந்தின் பெயர் அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால் என்று "லால்" என முடியும். அது இதயத் துடிப்பையே கட்டிப்போடும். எவ்வளவு மிதித்தாலும் எண் வழக்கமான அளவுக்கு ஏறாது. அப்படிப்பட்டவருக்கு வயதுச் சூத்திரமோ மற்றவர்களின் ஜோன் அட்டவணையோ பொருந்தாது. "நம்பர் ஏறலையே" என்று இன்னும் பலமாக மிதிப்பது ஆபத்து. மாத்திரையை நிறுத்திப் பார்ப்பது அதைவிட ஆபத்து. நீங்கள் வாய்ப்பாட்டை வைத்தே ஓட்டலாம்.

7. "ஒரு ஆப்ல ஜோன் 2 128 வரைக்கும்தான்னு இருக்கு, இன்னொண்ணுல 146 வரைக்கும். எதை நம்புறது?"

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. பாதிக் குழப்பத்துக்கு இதுதான் ஊற்று. என் எண்களையே எடுத்துக்கொள்வோம்: அதிகபட்சம் 183, காலையில் படுக்கையில் 54, த்ரெஷோல்டு 164.

பல வாட்ச்கள் செய்வது போல அதிகபட்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்றால் எனக்கு ஜோன் 2 என்பது 110 முதல் 128. பின்லாந்து ஆய்வாளர் கார்வோனன் 1957ல் சொன்ன வழியில், அதிகபட்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, அந்த 129ல் 60 முதல் 70 சதவீதம் எடுத்து, மறுபடி 54ஐக் கூட்டினால் 131 முதல் 144. ஃப்ரீல் அட்டவணைப்படி த்ரெஷோல்டில் 81 முதல் 89 சதவீதம்: 133 முதல் 146. மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் உலகில் பெயர்பெற்ற ஆண்ட்ரூ கோகன் அட்டவணைப்படி த்ரெஷோல்டில் 69 முதல் 83 சதவீதம்: 113 முதல் 136. ஒரே ஆள், ஒரே இதயம், நான்கு ஜோன் 2. முதல் கணக்கில் ஜோன் 2 முடிந்த பிறகுதான் ஃப்ரீல் கணக்கில் ஆரம்பிக்கவே செய்கிறது.

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டுவிட்டு, எல்லோரும் "2" என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் நண்பர் "ஜோன் 2ல ரெண்டு மணி நேரம்" என்றால் எந்த அட்டவணை என்று கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கருவியிலும் அதையே கையால் பதிந்து வையுங்கள். தேர்ந்ததை வாய்ப்பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு 140 தாண்டும்போதுதான் மூன்று வரி ஒரே மூச்சில் வராமல் போகிறது. எனவே அட்டவணை 146 என்றாலும் என் லேசான ரைடுகளுக்கு 140ல் தடுப்பு வைத்திருக்கிறேன். உடம்புக்குள் நிஜமாக ஏதோ மாறுவது அந்த மூச்சு மாறும் இடத்தில்தான்.

8. "அண்ணா, ஜோன் 2ல போனா பால்காரர்கூட என்னைத் தாண்டிப் போறார். வெக்கமா இருக்கு."

போகட்டும், அவருக்குப் பால் கெட்டுவிடும் அவசரம். முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் இப்படித்தான். இவ்வளவு மெதுவாகப் போய் என்ன பயன் என்று தோன்றும். தோன்றவில்லையென்றால் நீங்கள் ஜோன் 2ல் போகவில்லை என்றே சந்தேகப்படுவேன்.

மேம்பாலம் வந்தால் துடிப்பு எல்லையைத் தாண்டுமே என்றால், முன்கூட்டியே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே காலை வேகமாகச் சுற்றுங்கள். ஒரு நிமிடம் ஐந்தாறு துடிப்பு கூடினால் ஒன்றும் ஆகாது. அதற்காக இறங்கித் தள்ள வேண்டாம். மலை வேறு கதை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஜோன் 2லேயே ஏறுவது, முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று லேசான கியர் இருந்தாலும் நம்மில் பெரும்பாலோருக்கு முடியாது. மலைக்குப் போகும் நாளை லேசான நாளாகக் கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

9. "மெதுவா ஓட்டினா எப்படி வேகம் கூடும்? அப்புறம், ஜோன் 2தான் கொழுப்பைக் கரைக்கும்னு சொல்றாங்க. தொப்பை குறையுமா?"

மணிக்கணக்கில் லேசாக மிதிக்கும்போது தசைச் செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தநாளங்கள் கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. பலமாக மிதித்தாலும் இவை நடக்கும். ஆனால் அப்படி வாரம் முழுக்க மிதிக்க உடம்பு இடம் கொடுக்காது. லேசாக என்றால் நாளைக்கும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே சுமார் 2000 கலோரிதான். ஒல்லியானவரிடம்கூடக் கொழுப்பு அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அந்தக் கொழுப்பில் ஓடப் பழகிய உடம்பு ஐந்தாவது மணி நேரத்தில் கைவிடாது.

தொப்பை விஷயம்: ஜோன் 2ல் எரிவதில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது உண்மை. எடை குறைவதை முடிவு செய்வது நாள் முழுக்க உள்ளே போனதும் வெளியே எரிந்ததும்தான். ரைடு முடிந்ததும் நாங்கள் உட்காரும் பொங்கல் வடைக் கடையை நினைத்தால் இதற்கு மேல் எழுத எனக்குத் தகுதி இல்லை.

10. "80க்கு 20னு ஒரு கணக்கு சொல்றாங்க. எனக்கு வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்தான் கிடைக்குது, எனக்கும் அதேவா?"

நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உச்சநிலை வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்துக் கவனித்தது இது: பத்துப் பயிற்சியில் ஏறக்குறைய எட்டு லேசு, இரண்டு கடினம். அவர்கள் வாரம் 15, 20 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்கள். அதை ஐந்து மணி நேரத்தில் அப்படியே சுருக்கி ஒரு மணி நேரம் கடினம், நான்கு மணி நேரம் லேசு என்று கால்குலேட்டர் போட வேண்டியதில்லை.

என் யோசனை: வாரம் நான்கு ரைடு என்றால் ஒன்று கடினமாக, ஒன்று நீளமாக லேசாக, மற்ற இரண்டும் லேசாக. நம் ஊர்க் குழு ரைடுகளில் நடப்பது என்ன? கிளம்பும்போது "ஈஸி ரைடு" என்பார்கள். முட்டுக்காடு பாலத்தில் ஒருவர் எழுந்து மிதிப்பார், எல்லோரும் துரத்துவார்கள், இரண்டு மணி நேரமும் ஜோன் 3 சொச்சம். லேசும் இல்லை, கடினமும் இல்லை. நானே இரண்டு வருடம் எல்லா ரைடையும் அப்படித்தான் ஓட்டினேன். முதல் ஆறு மாதம் முன்னேறினேன். பிறகு ஒன்றரை வருடம் அதே இடத்தில் நின்றேன். ஜோன் 3ல் போவது பாவம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நேரம் குறைவாக உள்ளவருக்கு அதிலும் பயன் உண்டு. தெரியாமல் அதிலேயே விழுந்து கிடப்பதுதான் பிரச்சினை.

11. "ஒரு நிமிஷ இன்டர்வெல் அடிக்கிறேன், ஜோன் 5க்கு ஏறவே மாட்டேங்குது. கால் மட்டும் எரியுது."

இதயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நீங்கள் பலமாக மிதிக்க ஆரம்பித்து அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் கழித்துத்தான் துடிப்பு அதற்கேற்ற இடத்துக்கு வந்து சேரும். அதற்குள் உங்கள் ஒரு நிமிடம் முடிந்துவிடுகிறது. ஓய்வெடுக்கும்போது எண் இன்னும் ஏறுவதைக்கூடப் பார்த்திருப்பீர்கள். எண்ணைத் துரத்தி இன்னும் பலமாக மிதித்தால் மூன்றாவது சுற்றிலேயே படுத்துவிடுவீர்கள்.

இரண்டு நிமிடத்துக்குக் குறைவான எதற்கும் மீட்டரைப் பார்க்காதீர்கள், மூச்சையும் காலையும் வைத்துப் போங்கள். நான்கு நிமிடம் முதல் மேலே போகும் இன்டர்வெல்களுக்குத் துடிப்பு நன்றாக உதவும். அதிலும் முதல் நிமிடத்தை விட்டுவிடுங்கள்.

12. "ஜனவரியில 135ல போன அதே வேகத்துக்கு மே மாசம் 150 காட்டுது. ஃபிட்னஸ் போயிடுச்சா?"

வெயில்தான். உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தில் நீர் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறைகிறது. தசைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்கிறது. ஒரே ரைடில் நேரம் ஆக ஆக எண் மெல்ல ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் கூடுதல் கஷ்டம்: காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் சொட்டுகிறது, சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு மின்வெட்டில். என்னிடம் இருப்பது காந்தத் தடை வைத்த பழைய டிரெய்னர். கரண்ட் இல்லாமலே ஓடும். ஏப்ரல் மாதம் ஒரு மாலை, டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக ஓட, அதே கியர், அதே சுற்று, 134ல் அரை மணி நேரமாக அசையாமல் நின்றது. கரண்ட் போனது. நான் எதையும் மாற்றவில்லை. ஐந்தாவது நிமிடம் 139, பதினைந்தாவது நிமிடம் 149. மிதிக்குக் கீழே விரித்திருந்த துண்டு பிழிகிற அளவு நனைந்திருந்தது. கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் மறுபடி இறங்கியது, ஆனால் 134க்கு வரவில்லை, 141லேயே நின்றுவிட்டது. போன நீர் போனதுதானே.

சரி, வெயிலில் எதைப் பின்பற்றுவது, துடிப்பையா வேகத்தையா? லேசான ரைடில் துடிப்பைத்தான். 140 எல்லை என்றால் மே மாதமும் 140தான், வேகம் குறையட்டும். இதயத்துக்கு அந்தச் சுமை நிஜம். வெயிலால் வந்தது என்று அதற்குச் சலுகை கிடையாது. வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், அதன் பிறகு எண் ஓரளவு இறங்கும். ரைடுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் தோராயமாக ஒரு லிட்டர் நீர் குறைந்திருக்கிறது. உப்பு போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கூட இருக்கட்டும். தலைவலி, குமட்டல், வெயிலில் புல்லரிப்பது, இதில் ஏதாவது வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நிழலுக்குப் போங்கள்.

13. "காபி குடிச்சா, தூக்கம் இல்லைன்னா, ஜுரம் வந்து போனா நம்பர் மாறுமா?"

மூன்றுக்கும் மாறும். அதனால்தான் காலையில் எழுந்தவுடன், படுக்கையிலேயே, காபிக்கு முன் ஓய்வுத் துடிப்பைப் பார்த்து வையுங்கள். எனக்கு 54. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 60ஐத் தாண்டினால் தூக்கம் போதவில்லை, அல்லது ஏதோ ஜுரம் வரப்போகிறது என்று அர்த்தம். அன்று கடினமான பயிற்சி கிடையாது. ஜுரம் இருக்கும்போது எந்த ஜோனிலும் ஓட்டக் கூடாது. டெங்கு போன்றவை வந்து போனால் மருத்துவர் சொன்ன பிறகு, ஜோன் 1லிருந்து.

14. "பீரியட்ஸுக்கு முந்தின வாரம் எனக்கு எல்லாமே அஞ்சாறு துடிப்பு கூடுதலா காட்டுது. மீட்டர் தப்பா?"

மீட்டர் சரி. கருமுட்டை வெளியான பிறகு, மாதவிடாய் வரும்வரை உடல் வெப்பம் அரை டிகிரி அளவுக்குக் கூடுகிறது. ஓய்வுத் துடிப்பும் சில துடிப்பு ஏறுகிறது. வெயிலில் அது இன்னும் தெரியும், காரணம் 12வது பதிலில். எங்கள் குழுவில் ஓட்டும் பெண்கள் சிலர் சுழற்சித் தேதியையும் ரைடு குறிப்போடு எழுதி வைத்து, இந்த மாத எண்ணைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுகிறார்கள். கேட்டதிலேயே புத்திசாலித்தனமான வழி. ஐந்தாவது பதிலில் உள்ள சோதனையையும் ஒவ்வொரு முறையும் சுழற்சியின் ஒரே கட்டத்தில் செய்யுங்கள்.

15. "ஓட்டப் பயிற்சிக்கு வெச்சிருக்கிற ஜோனையே சைக்கிளுக்கும் வெச்சுக்கலாமா?"

வேண்டாம். ஓடும்போது உடம்பு முழு எடையையும் தூக்குகிறது, கூடுதல் தசை வேலை செய்கிறது. பெரும்பாலோருக்குச் சைக்கிளில் ஐந்து முதல் பத்து துடிப்பு குறைவாகவே வரும். சைக்கிளுக்குத் தனிச் சோதனை.

16. "பவர் மீட்டர் வாங்கிட்டா பட்டையைத் தூக்கிப் போட்டுடலாமா?"

பவர் மீட்டர் நீங்கள் மிதியில் செலுத்தும் திறனை வாட்டில், அந்த நொடியே காட்டும். 11வது கேள்வியில் வந்த தாமதம் அதற்குக் கிடையாது. ஆனால் அந்த வாட்டுக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்று அது சொல்லாது. இரண்டும் இருந்தால் ஒரு நல்ல சோதனை செய்யலாம். இரண்டு மணி நேர லேசான ரைடை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் சராசரி வாட்டைச் சராசரித் துடிப்பால் வகுங்கள். இரண்டாம் பாதியின் எண் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே சரிந்திருந்தால் அடித்தளம், அதாவது நீண்ட நேரம் தாங்கும் திறன், உறுதி. அதிகம் சரிந்தால் இன்னும் லேசான மணி நேரங்கள் தேவை, அல்லது அன்று வெயில் அதிகம்.

17. "முதல் 200 பிரெவே போறேன். எந்த ஜோன்ல ஓட்டணும்?"

200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சராசரி 15 கிலோமீட்டர் வேகம் போதும், நிற்கும் நேரமும் அதில் அடக்கம். முதல் பாதி முழுக்க ஜோன் 2ன் மேல் எல்லையைத் தாண்டாதீர்கள். ஏற்றத்தில் மட்டும் ஜோன் 3 வரை. கூட்டம் கிளம்பும் முதல் 20 கிலோமீட்டர்தான் ஆளைக் கவிழ்க்கும் இடம்.

என் முதல் 300ல், வேகமான கும்பலின் பின்னால் ஒட்டிக்கொண்டு முதல் 100 கிலோமீட்டரும் 155க்கு மேலேயே போனேன். ஜாலியாக இருந்தது. மதிய வெயிலில் வயிறு வேலையை நிறுத்தியது. பலமாக மிதிக்கும்போதும் வெயிலிலும் குடலுக்குப் போகும் ரத்தம் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாழைப்பழம் உள்ளே போகவில்லை, இளநீர் வெளியே வந்தது. 210வது கிலோமீட்டரில் ஒரு புளியமரத்தடியில் படுத்தவன், நெடுஞ்சாலைப் பேருந்தின் பின்பக்கம் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் அதே தூரம், 140 தடுப்போடு. 20 மணி நேரக் கெடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

ஒரு எச்சரிக்கை: எட்டு பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் துடிப்பு ஏறவே மறுக்கும். மீட்டர் 120 என்று காட்டுவதால் "இன்னும் தெம்பு இருக்கிறது" என்று நினைக்காதீர்கள். அப்போது வாய்ப்பாடுதான் துணை.

18. "மூணு வாரம் நல்லா பயிற்சி செஞ்சேன். இப்போ அதே வேகத்துக்கு 10 துடிப்பு குறைவா காட்டுது. முன்னேற்றம்தானே?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும் இரண்டு விஷயங்கள் இவை. அடித்தளம் வலுவானால் அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும், மிதி லேசாக இருக்கும், வேண்டும் என்று அழுத்தினால் எண் உடனே ஏறும். ஓய்வில்லாமல் உழைத்துத் தேய்ந்துபோனாலும் துடிப்பு குறையும். ஆனால் மிதி கனமாக இருக்கும், அழுத்தினாலும் எண் ஏறாது, கால் வலிக்கிறதே தவிர இதயம் கூட வராது. 13வது பதிலில் சொன்ன காலைத் துடிப்பு இதில் எப்போதும் காட்டிக்கொடுக்காது; சிலருக்கு அது வழக்கம் போலவே இருக்கும். மூன்று வாரத்தில் பத்து துடிப்பு என்பது முன்னேற்றத்துக்குக் கொஞ்சம் வேகமாகவே படுகிறது.

வார்ம்அப்புக்குப் பிறகு இரண்டு நிமிடம் பலமாக மிதித்துப் பாருங்கள். எண் வழக்கமான இடத்துக்குப் போனால் சந்தோஷமாகத் தொடருங்கள். போகாவிட்டால் ஒரு வாரம் பாதி அளவுதான். போன நவம்பரில் எனக்கு இப்படி ஆனது. பாலத்து ஏற்றத்தில் எவ்வளவு அழுத்தியும் 148க்கு மேல் ஏறவில்லை. மகாபலிபுரம் வரை போவதாக இருந்தோம். நான் முட்டுக்காட்டிலேயே திருப்பினேன். வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், எழுந்தபோது மணி இரண்டரை.